இரண்டு மொட்டைகள்

"பொண்ணு பாக்க வரோம்னு தெரிஞ்சும் மொட்டை போட்டுக்கினு நிக்கிறாளே!" மாப்பிள்ளையின் அம்மா வள்ளியம்மாள் பொரிந்து தள்ளினாள்.

"மலைக்கு வேண்டுதல்மா," என்றார் உதயாவின் அப்பா வேதாச்சலம். "உங்க புள்ளையும் போன வாரந்தானே திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கினாரு?"

"அவன் ஆம்பள! அவனுக்கு நான் வேண்டிக்கினேன்."

மாப்பிள்ளை குணா தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு போனைப் பார்த்தான்.

வள்ளியம்மாள் எழுந்து வந்து, கேட்காமலேயே உதயாவின் தலையைத் தடவினாள். கை சட்டென்று நின்றது.

"வேண்டுதல் மொட்டைன்னா மண்டை பூரா முள்ளு முள்ளா குத்தணும். இங்க ரெண்டு எடத்துல வழவழன்னு கீதே! முடி கொட்டுனத மறைக்க சாமி பேரைச் சொல்றீங்களா? மோசக்காரங்களா!"

வேதாச்சலம் தலைகுனிந்தார். அதைப் பார்த்ததும் உதயாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"ஆமா, புழுவெட்டுதான். திரும்ப முளைச்சிடும்னு டாக்டர் சொல்லிக்கீறாரு. ஆனா, தடவிப் பாத்தே கண்டுபுடிக்கிறீங்களே அத்தை, எங்க கத்துக்கினீங்க?"

உதயா நேராகப் போய்க் குணாவின் தொப்பியைப் பிடுங்கினாள்.

காதோரமெல்லாம் முடி கறுகறுவென்று முளைத்திருந்தது. உச்சி மட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அப்பாவின் வழுக்கையைப் போலவே பளபளத்தது.

"இது வம்சத்துல வர்றது. மலையேறினாலும் முளைக்காது," என்ற உதயா, தொப்பியை வள்ளியம்மாளின் கையில் திணித்தாள்.

"கெளம்புங்க. நாங்க யோசிச்சு சொல்லி அனுப்புறோம்."