முன்பக்கம் எது?

முப்பது வருஷம் சர்ச்சின் கடைசி வரிசையில் இருந்த பெஞ்சு, கால் ஆடியதால் ஜெபமலர் டீச்சர் வீட்டுக்குப் போனது. அங்கே வெள்ளிக்கிழமைகளில் அக்கம்பக்கத்தார் வட்டமாக உட்கார்ந்து பாடுவார்கள், ஜெபிப்பார்கள், சுக்குக்காப்பி குடிப்பார்கள்.

வார்னிஷ் அடிக்க ஆசாரி பட்டறைக்கு வந்த பெஞ்சு, அங்கே பழுதுபார்க்க வந்திருந்த சர்ச்சின் பிரசங்க பீடத்தைப் பார்த்தது.

"உன் இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு, வந்துடு," என்றது பீடம். "டீச்சர் வீட்டுல அங்கி போட்ட பாதிரி ஐயர் இல்ல, நானும் இல்ல. அதெல்லாம் ஒரு ஆராதனையா?"

பெஞ்சுக்குக் கோபம் வரவில்லை. சர்ச்சில் அது பார்த்ததெல்லாம் முதுகுகளைத்தான்.

"நான் வரல," என்றது.

"வட்டமா உட்கார்ந்தா முன்பக்கம் எதுன்னு எப்படித் தெரியும்?" பீடம் விடவில்லை.

"போன வாரம் மீன் விக்கிற ரோஸ்லின் அழுதாங்க. எல்லாரும் அவங்க பக்கம் திரும்பினாங்க. அன்னிக்கு அதுதான் முன்பக்கம்."