செருப்பைக் கழற்றும் சத்தம்

கணவர் இறந்த தகவலைக் காப்பீட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் பதிந்துவிட்டுக் கோதாவரி காபி கலக்கப் போனாள். திரும்புவதற்குள் மின்னஞ்சல் வந்திருந்தது. மேலே நிறுவனத்தின் சின்னம், கீழே இளநீலக் கட்டத்துக்குள் அவள் பெயர். "அன்புள்ள கோதாவரி, உங்கள் கணவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் இன்னும் கொஞ்ச நாள் உங்களுக்குக் கேட்கும். கேட்டால் எழுந்துபோய்ப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை."

அவை அவளுடைய வரிகள். தோழி ஜெஸிந்தாவின் அம்மா இறந்தபோது அழுதுகொண்டே எழுதியவை. அந்த அம்மா செருப்பை உதறித்தான் கழற்றுவாள், தெருவுக்கே கேட்கும். அம்மா என்றிருந்த இடத்தில் இப்போது கணவர். கோதாவரியின் கணவரோ படுக்கையில் விழுந்தபிறகு செருப்பே போட்டதில்லை.

அந்த நிறுவனத்தின் மின்னஞ்சல்களை வடிவமைப்பது ஜெஸிந்தாதான். கோதாவரி அவளை அழைத்தாள்.

"நான் உனக்கு எழுதினத எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புறியாடி?"

ஜெஸிந்தா தயங்கினாள். "பேரையும் உறவையும் மட்டும் மாத்திக்கிட்டு மெயில் அதுவாவே போயிடும்டி. அதைவிட நல்லா எனக்கு எழுத வரல. எத்தன பேரு அழுதுகிட்டு நன்றி சொல்றாங்க தெரியுமா?"

கோதாவரி அந்த இளநீலக் கட்டத்தை மறுபடி பார்த்தாள்.

"ஆமா, நீ அத எங்க பாத்த?" கேட்கும்போதே ஜெஸிந்தாவின் குரல் இறங்கியது. "கோதா... யாருடி? யாரு போனது?"

"அனுப்பினது நீதானே? அதுலயே இருக்கும், பாரு" என்று கோதாவரி போனை வைத்தாள்.

உடனே அது அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.