வாண்டின் கிறுக்கல்

பெயின்ட் விளம்பரத்துக்காக டிசைனர் கம்ப்யூட்டரில் வரைந்த சுவர் மொழுமொழுவென்று பொம்மை வீடு மாதிரி இருந்தது. தன் வீட்டுச் சுவரின் புகைப்படத்தை அதன்மேல் வைத்து, இரண்டும் ஒன்றாய்க் கலக்கும்படி பிளெண்டிங்கை மல்டிப்ளைக்கு மாற்றினார். வெள்ளை கரைந்து, கிரேயான் கிறுக்கல்கள் மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டன.

பெயின்ட் கம்பெனி மேடம் அசந்துபோனார். "அச்சு அசலா குழந்தை இருக்கிற வீடு! யார் வேலை இது?"

"எங்க வீட்டு வாண்டு, மேடம். சொன்னா கேக்க மாட்டேங்குது."

"திட்டாதீங்க! அப்பா படம் ஒண்ணு வரையச் சொல்லுங்க. நாளைக்கே வேணும்." கைப்பையிலிருந்து சாக்லேட் ஒன்றை எடுத்து நீட்டினார். "இது வாண்டுக்கு."

"மேடம், அது வந்து..." என்று இழுத்தவர், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

மாலையில் வீட்டுப் பூட்டைத் திறந்தார். காலையில் அவர் குடித்துவிட்டு வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. சாக்லேட்டைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, சுவர் முன் மூன்று வயதுக் குழந்தையின் உயரத்துக்கு முட்டி போட்டார். கிரேயானை இடது கைக்கு மாற்றினார். வலது கையால் வரைந்தால் கோடு நேராக விழுந்துவிடும்.

கோணல்மாணலாய் ஓர் அப்பா வந்தார். அவர் விரலைப் பிடித்தபடி, யாரும் கேட்காத ஒரு சின்ன உருவமும் வந்தது.

"சொன்னா கேக்க மாட்டியா?" என்று அதை மெல்ல அதட்டினார்.