முதல் ஓட்டு

ஐம்பத்திரண்டு சனவரி. மஞ்சக்குட்டைப் பள்ளிக்கூடத்து ஓடுகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருக்கிறது. நாட்டின் முதல் தேர்தலில், வேட்பாளருக்கு ஒன்றாக வைத்த பெட்டிகளில் ஒன்றில் ஓட்டுப் போட்டுவிட்டு, காப்பிப்பழம் பறிக்கும் சவரியம்மாள் விரலில் மை காயும் முன்பே வெளியே வருகிறாள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் குடையை நீட்டி வழியை மறிக்கிறார். "தொரை சொன்ன பெட்டியிலதானே போட்டே?" இந்தக் குடையைக் கண்டாலே பாதையை விட்டு இறங்கி நின்றவள் அவள். இன்று நகரவில்லை. "அதை யாரும் கேக்கப்படாதுன்னு உள்ள இருக்கற ஆபீசர் சொன்னாருங்க." ரைட்டர் குரலைத் தாழ்த்துகிறார். "ஊட்டைக் காலி பண்ண வேண்டி வரும்." அவள் குடியிருக்கும் வீடு எஸ்டேட் முதலாளியான துரையுடையது. "பண்ணச் சொல்லுங்க. போட்டது போட்டதுதானுங்க." குடையைக் கையால் ஒதுக்கிவிட்டு, வரிசையில் தயங்கி நிற்கும் பெண்களிடம் உரக்கச் சொல்கிறாள்: "பயப்படாம போங்க. உள்ள தொரை இல்ல."