ஆறேகால் மணி காட்டுமாடு

"சார், இன்னைக்கு என்னைய சுந்தரி அக்கா குரூப்புக்கு மாத்தி விட்டுருங்க சார்."

ஒன்பதாம் வகுப்பு சௌம்யா இப்படிக் கேட்டதும் அகிலனுக்குச் சுருக்கென்றது.

"ஏன், நம்ம குரூப்புக்கு என்ன கொறச்சல்?"

"நேத்து அவங்க பதினோரு காட்டுமாடு பாத்தாங்க சார். நாம சாணி மட்டுந்தான் பாத்தோம்."

சுற்றியிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சாணியை வைத்தே மாடு என்ன தின்றது, எப்போது போனது என்று அரை மணி நேரம் விளக்கியவன் அவன். ஒரு பிள்ளையின் காதிலும் அது ஏறவில்லை போலிருக்கிறது.

மலைமேல் அட்டுவம்பட்டியைத் தாண்டி, சோலைக்காட்டின் ஓரமாக நடக்கும் வனவிலங்கு அறிவியல் முகாம் அது. பள்ளிப் பிள்ளைகள் இரண்டு இரவு தங்கிக் காட்டைத் தெரிந்துகொண்டு போவார்கள். வழிகாட்டிகள் இரண்டு பேர். அகிலன் பழனிக்காரன். வனவிலங்கு உயிரியலில் எம்.எஸ்ஸி. படித்தவன், எந்நேரமும் கழுத்தில் பைனாகுலர் தொங்கும். சண்முகசுந்தரி பக்கத்து ஊர்க்காரி. எட்டாம் வகுப்போடு நின்றவள், புடவைக்கு மேல் ஒரு பழைய ஸ்வெட்டர். அடுத்த சீசனுக்கு ஒருவர் போதும் என்று முகாமை நடத்தும் தமயந்தி மேடம் சொல்லிவிட்டார். யார் அந்த ஒருவர் என்பதைப் பிள்ளைகள் எழுதித் தரும் கருத்துத் தாள்கள்தான் முடிவு செய்யும்.

மேடம் இல்லாத நேரம் பார்த்து அந்தத் தாள்களை அகிலன் புரட்டியிருந்தான். எதைத் திருப்பினாலும் 'சுந்தரி அக்கா சூப்பர்'. அவனைப் பற்றி எழுதியிருந்தது ஒரே ஒரு பிள்ளை: 'அகிலன் சார் நல்ல பைனாகுலர் வைத்திருக்கிறார்.'

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்து வருடம் படித்த படிப்பு, ஒரு பழைய ஸ்வெட்டரிடம் தோற்பதா?

ஒருநாள் இருநாள் என்றால் அவளுடைய அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். அவளோ ஒவ்வொரு முகாமிலும் பொழுது சாயும்போது தன் பிள்ளைகளை ஒரு பாறைமேல் உட்கார வைப்பாள். "சத்தம் போடாம இருங்க கண்ணுகளா, ஆறேகாலுக்கு வந்துரும்" என்பாள். ஆறேகாலுக்குக் கீழே சரிவில் மாடுகள் வரிசையாக வந்து நிற்கும். அகிலன் தன் குழுவைக் கூட்டிக்கொண்டு காடெல்லாம் அலைவான். ஓர் அணில்கூடத் தலைகாட்டாது.

அன்று மாலை அவனால் அடக்க முடியவில்லை.

"எப்படிக்கா நேரத்த இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?"

"எல்லாம் பழக்கந்தான் சார்." அவன் முகத்தைப் பார்க்காமல் பிள்ளைகளுக்கு டீ ஊற்றப் போய்விட்டாள்.

'சொல்ல மனசில்லை. உள்ளே ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது' என்று முடிவு கட்டினான் அகிலன்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் அந்தப் பாறையிலிருந்து சரிவில் இறங்கினான். தரையெல்லாம் குளம்படி பட்டுக் குழம்பிய சேறு. இடுப்பளவுக்குக் களைச்செடிகள். அவற்றின் நடுவே, பாதி கடித்துப் போட்ட கேரட். ஒன்று இரண்டு அல்ல, பார்த்த இடமெல்லாம் கேரட்.

அகிலனுக்கு வாயெல்லாம் பல். காட்டு விலங்குக்குத் தீனி போட்டுப் பழக்குவது எவ்வளவு பெரிய தப்பு என்பதுதான் முகாமின் முதல் பாடமே. ஆத்திரமும் ஆனந்தமும் ஒன்றாகப் பொங்க, மேலே ஓடினான். பத்தே நிமிடத்தில் தமயந்தி மேடமும் சண்முகசுந்தரியும் அந்தச் சேற்றில் நின்றார்கள்.

"பாருங்க மேடம், இதுதான் ஆறேகால் மணி ரகசியம். கேரட்டப் போட்டு வரவழைக்கிறாங்க. நம்மளயும் ஏமாத்தி, புள்ளைகளையும் ஏமாத்திருக்காங்க."

மேடத்தின் முகம் கறுத்தது. "என்ன சுந்தரி இது? வனத்துறைக்குத் தெரிஞ்சா முகாமையே மூடிருவாங்க. பேர் வாங்குறதுக்காக இப்படியா செய்வீங்க?"

சண்முகசுந்தரி தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த சீசனுக்கு யார் என்பது இனி பேச்சே இல்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு அகிலனின் நெஞ்சு குளிர்ந்தது.

"வாயத் தொறந்து சொல்லுங்கக்கா. தெனமும் இவ்வளவு கேரட்ட எங்க இருந்து கொண்டாந்து போடுறீங்க?"

அவள் குனிந்து, சேற்றில் பாதி புதைந்திருந்த ஒரு கேரட்டைத் தழையோடு பிடுங்கினாள். மண்ணை முந்தானையில் துடைத்தாள்.

"கொண்டாந்து போடல சார், இது எங்க தோட்டம். நாலு வருசமா வெதைக்கிறேன், அதுக வந்து தின்னுட்டுப் போகுதுக. தகரத்தத் தட்டி வெரட்டியும் பாத்தாச்சு, அசையல. சரி, புள்ளைகளுக்குக் காமிச்சாலாவது மாசம் ஒரு சம்பளம் வருமேன்னுதான் இந்தச் சோலிக்கு வந்தேன்."