நாலாவது காப்பு

அந்தச் சட்டையைக் குச்சியால்தான் திலகா வாளியிலிருந்து தூக்கினாள். கையால் தொட மனசு வரவில்லை. சம்சுச் சாராய நாற்றமும் வாந்தி நாற்றமும் சேர்ந்து குழாயடியில் மூச்சு விட முடியவில்லை.

இந்த வாரத்தில் இது மூன்றாவது சட்டை. தரையில் போட்டுச் சோப்புத்தூளைக் கொட்டி, முதுகுப் பக்கத்தை விளக்குமாற்றால் தேய்த்தாள். காய்ந்து ஒட்டிய பருக்கைகள் லேசில் போகிறதா? பள்ளிக்குக் கிளம்பிய மகள் ஷாமினி மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக நடந்து போனாள். பெற்ற அப்பன் சட்டைக்குப் பிள்ளை மூக்கைப் பொத்துகிறது!

"இங்க வந்து பாருங்க, ஒங்க லட்சணத்த!"

மகேந்திரன் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவன். குடியை விடுகிறேன் என்று மாரியம்மன் கோவிலில் நான்கு முறை காப்புக் கட்டிக்கொண்டவன். முதல் காப்பு பதினெட்டு நாள் தாங்கியது. அடுத்தது ஒரு மாதம். மூன்றாவது தீபாவளி வரைக்கும்கூட வரவில்லை.

அப்போதெல்லாம் குடிக்கிற அன்று காப்பை அவிழ்த்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் போவான். இப்போது நாலாவது காப்பு மணிக்கட்டிலேயே இருக்கிறது, சட்டை மட்டும் இப்படி நாறுகிறது. சாமி பயமும் விட்டுப்போச்சு என்று நினைத்துத் திலகா இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"நான் குடிக்கல திலகா."

"அப்ப சட்டையில என்ன, பன்னீரா?"

"சொல்லக் கூடாது. வாக்குக் குடுத்துட்டேன்."

"யாருக்கு, போத்தலுக்கா?"

"வேணும்னா என் வாய மோந்து பாரு."

"தூ! கிட்ட வராதீங்க." கிராம்பை மென்றுவிட்டு வந்து எத்தனை முறை ஏமாற்றிய வாய் அது! இரண்டு வாரமாக அவன் படுக்கை முன்கூடத்தில்தான். சோற்றுத் தட்டைக்கூட அவள் தள்ளித்தான் வைக்கிறாள்.

மகேந்திரன் துணியைக் கீழே வைத்தான். "மூணு தடவ தோத்த பெறகுதான் எனக்குப் புரிஞ்சிச்சு. சாயங்காலம் ஆறு மணி ஆனா கை நடுங்கும். அந்த நேரத்துல கதவ சாத்திக்கிட்டு வீட்டுல உக்காந்தேன் பாரு, அதான் தப்பு. ஆறு மணிக்கு எனக்கு ஒரு வேல வேணும். இப்பக் கெடச்சிருக்கு."

"நல்ல வேலதான்லா! தெனம் மம்பாவ் வரைக்கும் போயி சம்சுக்கடைக்குப் பின்னால நிக்கிற வேல. பாத்தவங்க வந்து சொல்றாங்க. எங்கண்ணன் இருக்குற ஊர்லயா போயி நிக்கணும்? அவரு மானமும்லா போகுது!"

அவன் மோட்டார் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இன்னிக்கும் போனீங்கன்னா, புள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் இந்த வாசப்படி மிதிக்கமாட்டேன்."

அவன் காப்பைத் திருகிக்கொண்டே நின்றான். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மோட்டார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

போயே விட்டான். திலகா இரண்டு பையில் துணிகளைத் திணித்தாள். அவன் துணி எதிலும் கை படாமல் பார்த்துக்கொண்டாள். வாடகைக் காரை அழைத்து, ஷாமினியை ஏற்றிக்கொண்டு மம்பாவுக்குப் புறப்பட்டாள்.

அண்ணன் சுகுமாறன் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வெள்ளைச் சட்டை கசங்காத மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். 'எங்கண்ணனப் பாத்துக் கத்துக்குங்க' என்று சொல்லிச் சொல்லியே திலகா பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

கதவைத் திறந்த அண்ணி புனிதா, பைகளைப் பார்த்து அப்படியே நின்றாள். உள்ளே வா என்று சொல்லவே நேரம் பிடித்தது.

"அண்ணன் எங்க அண்ணி?"

"ஓவர்டைம்... இன்னும் வரல." புனிதாவின் கண் வாசலுக்கும் கடிகாரத்துக்கும் போய்ப் போய் வந்தது.

வேண்டாத விருந்தாளி ஆகிவிட்டோமோ என்று திலகாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அடக்கிவைத்ததை எல்லாம் கொட்டினாள். "அந்தாளப் பாத்தாலே அருவருப்பா இருக்கு அண்ணி. நாலு தடவ சாமிக்கு முன்னால சத்தியம் பண்ணியாச்சு. திருந்தாத ஜென்மம். அண்ணன் வரட்டும், ரெண்டுல ஒண்ணு பாத்துரட்டும்."

"அவரப் போயி அப்படிச் சொல்லாத திலகா..." புனிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது வெளியே ஒரு மோட்டார் வந்து நின்றது. எந்தக் கூட்டத்திலும் திலகாவுக்கு அடையாளம் தெரிகிற சத்தம் அது.

"அந்தாளேதான்! இங்கயும் வந்துட்டாரு. தெறக்காதீங்க அண்ணி!"

பாய்ந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். கதவு இடுக்கு வழியாக அதே நாற்றம் உள்ளே வந்தது. ஷாமினியை இழுத்து அணைத்து அவள் மூக்கைப் பொத்தினாள். புனிதா சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள்.

கதவு மெல்லத் தட்டப்பட்டது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அறியாத மகேந்திரனின் குரல், கொஞ்சமும் குழறாமல் கேட்டது.

"கதவத் தெற தங்கச்சி, மச்சான் இன்னிக்கும் என் முதுகுலதான் வாந்தி எடுத்தாரு."