வோட்டுக்குக் கூறைச்சேலை

“வோட்டுப் போடக் கூறைச்சேலையோ, அக்கா?” மயிலிட்டிப் பள்ளிக்கூட வரிசையில் நின்ற சீலா சிரித்தாள்.

பக்கத்து வீட்டுச் செல்வநாயகி சேலை மடிப்பை நீவிவிட்டாள். துறைமுகத்துக்கு ஆர் என்ன செய்தவை எண்டு ஒழுங்கையில் வீடு வீடாகக் கேட்டுக் கேட்டு, சீலாவையே கட்சி மாற வைத்தவள் அவள்தான்.

வாசலுக்கு வந்ததும் செல்வநாயகி சீலாவின் காதருகே குனிந்தாள். “சீலா, வோட்டுச் சீட்டிலை புள்ளடி எப்பிடிப் போடுறது?”

“என்னக்கா! எத்தினை எலக்சன் கண்டனீங்கள்!”

“கண்டனான். இந்தியாவிலை, அகதி முகாம் வாசலிலை நிண்டு. அந்த ஊர்ச்சனம் வோட்டுப் போடப் போகும், நாங்கள் பாத்துக்கொண்டு நிப்பம். அம்பது வயசிலை இதுதானடி என்ரை முதல் வோட்டு.”

வெளியே வந்தபோது மழை தூறியது. செல்வநாயகி மை பூசிய விரலைக் கூறைத் தலைப்புக்குள் பொத்திப் பிடித்தாள்.

“அது அழியாதக்கா,” என்ற சீலா, தன் குடையையும் அந்த விரலுக்கு மேலே பிடித்தாள்.